பெரிய திரையில் நரேஷ்

ஜூன் 8, ஞாயிறு
மூத்த பேத்தி கார்த்திகாவுக்கு நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவள் கீர்த்திகா பன்னிரண்டாவதில் பள்ளிக்கே முதல், பி.சி.ஏ. சேரப்போகிறாள். பேரன் நரேஷுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. ஏம்பலத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறியவன் அவன் ஒருவன்தான். ஐந்தாவதோடு நின்றவள் நான். இதை எழுதும்போது பேனா குதிக்கிறது.

ஜூன் 11
கீர்த்திகாவுக்கு டேப்பா, லேப்டாப்பா என்று வீட்டில் சண்டை. புரோகிராம் அடிக்க லேப்டாப்தான் வசதி, டேப் பார்க்கத்தான் லாயக்கு என்று வில்லியனூர் கடைக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு டேப்தான் ஆசை. போனில் நரேஷ் முகம் புளியங்கொட்டை அளவுதான் தெரிகிறது.
"நீ மூஞ்சி பாக்க என் படிப்பு கெடணுமா ஆயா?" என்றாள். சுருக்கென்றது.

ஜூன் 12
நரேஷையே கேட்டான் என் மகன் விஜயராஜ். பதில் எழுத்தில்தான் வந்தது. இப்போதெல்லாம் அவன் பேசுவதில்லை, வேலையாம். கூடவே ஒரு போட்டோ.
'டேப் வாங்குங்க. பெரிய திரையா. இந்தப் போட்டோவ ஆயா அதுல பாக்கட்டும்.'
"இவனா சொல்றான்? டேப்ப பொம்மைன்னு கிண்டல் பண்ணுவானே!" என்றாள் கீர்த்திகா.
என் கண்மேல் பேரனுக்கு அக்கறை. இவளுக்கு ஏன் எரிகிறது?

ஜூன் 15
வாங்கியாயிற்று. கீர்த்திகா தொடவில்லை. கோயில் வாசல்வரை கொண்டுபோய் எல்லாருக்கும் அவன் போட்டோவைக் காட்டினேன்.

ஜூன் 16
கீர்த்திகா இன்றுதான் தொட்டாள். இரண்டு விரலால் போட்டோவை விரித்தாள். சிரிக்கிறான். உதடு வெடித்திருக்கிறது. பின்னால் ஜன்னல் — வெளியே தகரம் அடித்திருக்கிறது. இன்னும் விரித்தாள். தாடையில் வைத்த கை. இரண்டு விரல் வீங்கி, நகமே இல்லை.
"ஆயா, போன்ல சின்னதா பாத்தா இது தெரிஞ்சிருக்காது. அதான் பெரிய திரைன்னு சொல்லியிருக்கான். அவன் எழுதறத எவனோ பாக்கறான்."
இன்னா பண்ணிட்டேன் நான்... இதத்தான் ஊரெல்லாம் தூக்கினு போய்க் காட்டினேனா?

ஜூன் 17
விஜயராஜ் போலீசில் போட்டோவைக் காட்டினான். தாய்லாந்தில் எந்த ஊரில் இருக்கிறான் என்றார்களாம். எங்களுக்கே தெரியவில்லை.

ஜூன் 19
நரேஷிடமிருந்து: 'நல்லா இருக்கேன். இனிமே போலீசுக்குப் போகாதீங்க.'
போனதை நாங்கள் அவனிடம் சொல்லவே இல்லை. யார் சொன்னது? நரேஷை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜெண்டா? அவன் பக்கத்து ஊர்க்காரன்தானே.

ஜூன் 22, ஞாயிறு
போனில் நரேஷ் பேருக்குப் பக்கத்தில் அவன் முகம் இருந்த வட்டம் வெறுமையாக இருக்கிறது. போட்டோவில் இருந்ததைப் பார்த்துவிட்டோம் என்று அவனுக்கு மட்டும் புரியணும்; எவன் படித்தாலும் சந்தேகப்படாதபடி, சும்மா ஆயா கேட்பதுபோல எழுதச் சொன்னேன். கீர்த்திகா தட்டினாள்:
'ஆயாவுக்கு உன்னப் பாக்கணும்போல இருக்குப்பா. புதுசா ஒரு போட்டோ போடு. சிரிக்க வேணாம்.'