எதிர் நாற்காலி

என் வீட்டுக்காரிக்கு,

"ஊருக்கெல்லாம் விளம்பரம் எழுதுறீங்க, எனக்கு ஒரு வரி எழுதினதுண்டா?" என்று குத்திக்காட்டுவாயே, இதோ எழுதுகிறேன்.

நேற்று மார்க்கெட்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆளுக்கொரு மேசை, எதிரே ஒரு காலி நாற்காலி. "எல்லாருக்குமா எழுதாதீங்க. எதிர்ல ஒரே ஒருத்தர் உக்காந்திருக்கார்னு எழுதுங்க. பொய் சொன்னா எழுந்து போயிடுவார்," என்றார் பயிற்சி தந்த அம்மாள். குடைக்கு விளம்பரம். உன்னை உட்காரவைத்து, 'உன்னை ஒருநாளும் நனையவிட மாட்டேன்' என்று தொடங்கினேன்.

நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது.

அந்த அம்மாள் என் தாளை எட்டிப் பார்த்தார். "முதல் வரியிலேயே போயிட்டாங்களே சார்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நம் வீட்டில், எட்டு மாதமாகக் காலியாகக் கிடக்கும் உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மழையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நீ போனில் மூன்று முறை கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஒரு தலைப்பு பிடிபடாத எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்தேன். நீ நடந்தே கிளம்பிவிட்டாய். போனில் சார்ஜ் இல்லை என்று ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உன் அண்ணனிடம் சொன்னது பொய்.

நாற்காலி நகரவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. அதன் கீழே மட்டும் தரை நனைந்துகொண்டே வருகிறது.

எழுந்து போய்விடாதே.

உன் வீட்டுக்காரன்