ஒரே பார்வையில் எடுத்த மாத்திரை

3.11.2025, திங்கள்

பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டில்கள் இறக்க இடம் வேண்டுமென்று, கடை முதலாளி மூர்த்தி அண்ணன் மருந்து அலமாரிகளைப் பின்னால் தள்ளிவிட்டார். முன்பு தலையைத் திருப்பினாலே கவுன்ட்டரில் கிடக்கும் டாக்டர் சீட்டு தெரியும். இப்போது எட்டு அடி நடக்கணும். பரவாயில்லை, ஒரு தடவை படித்தால் நாலு மருந்து மனதில் நிற்கும் எனக்கு.

5.11.2025

கிரிவலக் கூட்டம். உட்காரவே இல்லை.

6.11.2025

மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பொன்னுசாமி ஐயா வந்தார். மாதாமாதம் மனைவி குணமதிக்கு மருந்து வாங்குகிறவர். நேற்று நான் கொடுத்த மாத்திரை அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"விடியகாலம் எழுப்பறேன், கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரில சேத்தேன், சுகர் எறங்கிப்போச்சாம். அவளுக்கு சுகரே கெடையாதேம்மா!"

ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில் சர்க்கரை மாத்திரை. இரண்டு பெயருக்கும் முதல் பாதி ஒன்று. சமண வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் படுக்கும்போது அந்த மாத்திரை, விடியும்வரை வேறொன்றும் இல்லாமல்... ஐயோ.

எடுத்த பிறகு சீட்டைத் திரும்பப் பார்த்தேனே! நல்லா ஞாபகம் இருக்கே!

7.11.2025

கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தேன். சீட்டை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை படிக்கிறேன், நடக்கிறேன், நாலு அட்டையோடு வருகிறேன், கவரில் போடுகிறேன். சீட்டு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. மூன்று தடவை ஓட்டினேன். அப்போ, நான் பாத்ததா நெனச்சது எத?

"அட்டை ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுனு சொல்லிடும்மா" என்றார் அண்ணன். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை.

8.11.2025

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குணமதி அம்மா கண் விழித்திருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"பாக்காமலா குடுத்த?"

"பாத்தேங்க. ஒரே ஒரு தடவ."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

10.11.2025

சீட்டைக் கையோடு அலமாரிக்கு எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பார்வை. "கும்பல் நிக்குதும்மா!" என்று அண்ணன் கத்துகிறார். நிற்கட்டும்.

8.12.2025

பொன்னுசாமி ஐயா வந்தார்! வேறு கடைக்குப் போயிருப்பார் என்றே நினைத்திருந்தேன். படித்தேன், எடுத்தேன். படித்தேன், எடுத்தேன். நாலு மருந்துக்கும் அப்படியே. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிபாத்துக்கோங்கய்யா."

"நீ பாத்தத நான் பாத்தேம்மா" என்று கவரை வாங்கிக்கொண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"வெளிய நிக்கிறா. உள்ள வரமாட்டேன்னுட்டா."

அவர் வெளியே போய்ச் சீட்டையும் கவரையும் கொடுத்ததும் எட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்று, ஒரு கையில் சீட்டை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு அட்டையாகக் கண்ணருகே தூக்கிப் படித்துக்கொண்டிருந்தார் குணமதி அம்மா. நாலாவது அட்டையைக் கவரில் போடும்வரை நான் அடுத்த சீட்டைத் தொடவில்லை.