முக்காட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

செப்டம்பர் 16, செவ்வாய்

டெம்போவில் நின்றுகொண்டேதான் லாஸ்பேட்டை வரை. இன்று ஆபீசில் நான் பேசியவை: "குட் மார்னிங்", "ஓகே மேடம்", "பை".

மே மாதம் சேர்ந்த முதல் நாள், பின்னறை மேசையில் எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். கூச்சத்தில் "சாப்ட்டாச்சு" என்று சொல்லிவிட்டேன். பொய். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து யாரும் கேட்பதில்லை. அவர்கள் பின்னறையில் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் என் இடத்திலேயே சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிடுகிறேன்.

ராத்திரி அம்மா கேட்டார்: "நாளெல்லாம் அங்க என்னாடி பண்றே?"

பிரான்சில் ஒரு கம்பெனி கேம் செய்கிறது. அதில் ஜன்னலோரம் நிற்கும் ஒரு விதவை. அவளுக்குக் கறுப்பு லேஸில் முக்காடு. லேஸில் எங்கே நூல், எங்கே ஓட்டை என்று சொல்ல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. வெள்ளை இருக்கும் இடத்தில் துணி தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் இல்லாவிட்டால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி பல் பல்லாக நிற்கும். அந்தப் பற்களை எடுத்து வழவழப்பாக்குவது என் வேலை.

"அப்போ ஓரம் அடிக்கிற வேலை. இதுக்கா காலேஜுக்கு அனுப்புனோம்?"

"விடு கனீஸ்," என்று அம்மாவை அடக்கினார் அத்தா. "ஏசி ரூம்ல உக்காந்து அடிக்குது இல்ல."

அத்தா டீத்தூள் கடையில் நாள் முழுக்க நிற்கிறார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான்.

செப்டம்பர் 19, வெள்ளி

வாராந்திர வீடியோ கால். முக்காட்டைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிக் காட்டினார்கள், நன்றாக இருந்தது. பிறகு பிரான்ஸ் பக்கத்து மரி-லோர் அதை இரவுக் காட்சியில் வைத்தார். முக்காட்டின் ஓரம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு.

"என்ன ஃபரீஹா இது, சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி?" என்றார் எங்கள் டீம் லீடர் சந்திரகலா மேடம். "போன வாரம் இல்லியே. ஓரத்தை என்ன பண்ணே?"

பல்லை எடுத்தேன், அவ்வளவுதான். தலையை ஆட்டினேன். என் மைக்கும் அணைந்திருந்தது, கேமராவும் அணைந்திருந்தது. யாருக்கு ஆட்டினேன்?

கால் முடிந்ததும் கூப்பிட்டார். "அக்டோபரோட உன் ஆறு மாசம் முடியுது. உன்னை வச்சிக்கலாமா வேணாமான்னு நான் ரிப்போர்ட் எழுதணும். இந்த முக்காடுதான் உன் ரிப்போர்ட்டு. புரியுதா?"

"ஓகே மேடம்."

செப்டம்பர் 22, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

துணியின் நிறம் வேறொரு படத்தில் இருக்கிறது. அதை வரைந்தவர் சிலம்பரசன். ஒவ்வொரு பூவும் அவ்வளவு அழகு. ஆனால் கறுப்பு நிறத்தைச் சரியாக ஓரத்தோடு நிறுத்திவிட்டார். அதற்கு வெளியே வெறும் வெள்ளை. ஓரம் பல்லாக இருந்தவரை அந்த வெள்ளை தெரியவில்லை. நான் சாம்பல் போட்டேன். சாம்பல் என்றால் பாதி தெரியும், அந்தப் பாதியில் அவருடைய வெள்ளை எட்டிப் பார்க்கிறது.

நிறத்தை ஓரத்துக்கு வெளியே எட்டுப் புள்ளி அளவு இழுத்துவிட்டால் போதும். யார் கண்ணுக்கும் தெரியாத இடம்தான். ஆனால் அங்கேயும் நிறம் இருக்க வேண்டும்.

அவரிடம் சொல்ல வேண்டும். என் மேசையிலிருந்து அவர் மேசைக்குத் தரையில் ஒன்பது மொசைக் கல் தூரம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவரை என்னவென்று கூப்பிடுவது? எல்லாரும் "சிலம்பு" என்கிறார்கள். நான் "அது வந்து" என்றுதான் ஆரம்பிப்பேன். நாலு வருடமாக இங்கே இருப்பவர். நேற்று வந்தவள் போய் உங்கள் படத்தில் தப்பு என்றால்?

சாட்டில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.

செப்டம்பர் 24, புதன்

ஒன்பது கல். போகவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

எல்லாரும் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய படத்தைப் பொது ஃபோல்டரிலிருந்து திறந்து, நிறத்தை இழுத்துவிட்டு, அதே பெயரில் சேமித்துவிட்டேன். பின்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் அவசரமாக மூடினேன்.

திருடவில்லையே. சரிதானே செய்தேன்? அப்புறம் எதற்கு அவ்வளவு அவசரம்?

செப்டம்பர் 26, வெள்ளி

வெள்ளைக் கோடு இல்லை. மரி-லோர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கைதட்டினார்.

"சிலம்பு, லேஸ் சூப்பர்," என்றார் மேடம். சிலம்பரசன் காது வரை சிவந்து சிரித்தார். என் பெயர் வரவில்லை. வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

வீட்டில் "நல்லா இருக்குன்னாங்க" என்றேன். யார் வேலையை என்று சொல்லவில்லை. அத்தா இரண்டு தடவை கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

என் தோழி இஷ்ரத் கல்யாணமாகி காரைக்கால் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நீளமாகிவிட்டது. மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை. சாயங்காலம் வைத்திக்குப்பம் கடற்கரை வரை தனியாக நடந்தேன். படகு நிழலில் நாலு பெண்கள் சீட்டாடிக்கொண்டே சண்டை போட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

பிரான்ஸ்காரர்களுக்கு முக்காடு கறுப்பு வேண்டாமாம், அடர் பழுப்பு வேண்டுமாம். சிலம்பரசன்தான் மாற்றப் போகிறார்.

தன் கணினியில் இருக்கும் பழைய மூலப்படத்தைத்தான் திறப்பார். நான் தொட்டதை அல்ல. வெள்ளைக் கோடு திரும்ப வரும். இப்போதே சொல்லிவிடு. சொல்லிவிடு.

எழுந்து ஐந்து கல் நடந்தேன். அவர் காதில் ஹெட்போன். அப்படியே திரும்பி, வேண்டாத தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வந்துவிட்டது. பழுப்பு முக்காடு, அதைச் சுற்றி அதே வெள்ளைக் கோடு.

"திரும்பவும் ஃபரீஹா ஓரமா?" என்றார் மேடம். கோபமாகக்கூட இல்லை, சலிப்பாக. அந்தச் சலிப்புதான் தாங்கவில்லை. ரிப்போர்ட்டை மனதில் எழுதி முடித்துவிட்டார் என்று தெரிந்தது. அத்தாவிடம் என்ன சொல்வேன்? மறுபடி நிற்கிற வேலைதான் என்றா?

மைக்கைத் திறந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவை.

இங்கிலீஷில்தான் சொன்னேன். நிறம் ஓரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, வெளியே வெள்ளை இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறீர்கள் என்று. ஒரு வாக்கியத்திலாவது இலக்கணம் சரியாக இருந்ததா தெரியவில்லை. மரி-லோர் முன்னால் சாய்ந்து, சரிதான் என்றார். பிறகு, அப்படியானால் போன தடவை ஏன் வரவில்லை என்று கேட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

"அந்தப் படத்தில் நானே மாற்றினேன்," என்றேன்.

 ஒன்பது கல் தள்ளி சிலம்பரசன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சிலம்பரசனே வந்தார். என் மேசை ஓரத்தில் நின்றார்.

"என் ஃபைல்ல கை வச்சிட்டு ரெண்டு வாரம் சும்மா உக்காந்திருந்தியே. எல்லாரும் சூப்பர் சிலம்புன்னு சொல்லும்போது உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம். நானே இழுத்து விட்டிருப்பேன். நான் என்ன, கடிச்சித் தின்னுடுவேனா?"

அதற்குத்தான் பயந்தேன். குனிந்திருந்தேன்.

"எங்ககூட உக்காந்து சாப்பிடக்கூட மாட்டே. எங்க சாப்பாடு உனக்கு ஆவாது போலன்னுதான் கூப்பிடறதையே விட்டோம்."

போய்விட்டார். ஐயோ, அப்படியா நினைத்தார்கள்? ஆறு மாசமா? நான் வெறுமே கூச்சப்பட்டேன்யா, அவ்வளவுதான் — பொய் சொன்னது ஒரே ஒரு நாள் — இல்லை, இரண்டு நாள்.

என்னை யாரும் பார்ப்பதில்லை என்றுதான் இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்த்திருக்கிறார்கள். திமிர் பிடித்தவளாகப் பார்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

மேடம் ரிப்போர்ட்டைக் காட்டினார். நிரந்தரம் இல்லை, நீக்கவும் இல்லை. இன்னும் மூன்று மாதம். "கண்ணு இருக்கு உனக்கு. வாயைத் திறக்கறியான்னு பாக்கறேன்."

அத்தாவிடம் அப்படியே சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். "பரவால்ல, வாயைத் திற," என்றார்.

தீபாவளி வருகிறது என்று சிலம்பரசன் அதிரசம் கொண்டுவந்து எல்லார் மேசையிலும் வைத்தார். என் மேசையிலும். என் பக்கம் பார்க்காமலே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 22, புதன்

முக்காட்டின் கடைசிப் படம் வந்தது. இடது தோளருகே ஒரு விரல்கடை இடத்தில் நிறம் இன்னும் எட்டவில்லை. சாட்டைத் திறந்தேன். மூடினேன். எழுந்து நடந்தேன். நாலாவது கல்லில் ஒரு விரிசல் இருக்கிறது, இதுவரை கவனித்ததில்லை.

"சிலம்பரசன்," என்றேன். முழுப் பெயர். அபத்தமாகத்தான் ஒலித்தது. "இடது தோள்கிட்ட கொஞ்சம் குறையுது."

ஹெட்போனைக் கழற்றினார். பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினார். "காட்டு."

காட்டினேன். இழுத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். இழுத்தார். பின்னறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே, சிரிக்காமல், கேட்டார்:

"சாப்ட்டாச்சா?"

"இல்ல," என்றேன்.