மூன்றாவது பார்ட்டிஷன்

நாள் 112 – 08:05
நிலவின் தென்முனை, பனிக்குழி நிலையம். எழுதுபவர் பொறியாளர் ஆவுடையம்மாள். மின்சாரம், காற்று சீர். கட்டுப்பாட்டுக் கணினி காலையில் நின்றுவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டிருக்கிறது. புதிதாக நிறுவுகிறேன். நாற்பது நிமிட வேலை. இங்கே நாங்கள் இருவர்தான். புவியியலாளர் இசக்கி அண்ணன் பனிக்கட்டி எடுக்க வண்டியில் போயிருக்கிறார். வெளிக்கதவைத் திறப்பதும் இந்தக் கணினிதான். கையால் திறக்கும் நெம்புகோல் போன வாரம் முறிந்தது.

08:50
"ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்கிறது திரை. டிஸ்க் என் கண்ணெதிரே விளக்கைச் சிமிட்டுகிறது. கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். அதே பதில். டிஸ்கைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள் இல்லை.

09:35
வானொலியில் அண்ணன்: "ஆவுடை, என் பெட்டிக்குள்ள பச்சை பென்டிரைவ் ஒண்ணு கெடக்கும். பழைய டிரைவர் கொஞ்சம் அதுல இருக்கு, பாரு."
ஏழாவது டிரைவரில் டிஸ்க் தெரிந்தது. கத்திவிட்டேன்.

10:10
டிஸ்கைப் பிரித்திருக்கும் பார்ட்டிஷன் அமைப்பு பழைய வகையாம், நிறுவ முடியாதாம். மூன்று பார்ட்டிஷனையும் அழித்தால்தான் உண்டு. மூன்றாவதில் அண்ணனின் மொத்த ஆய்வும் இருக்கிறது. நகலெடுக்க நான்கு மணி நேரமாகும்.
"காத்து எவ்வளவுண்ணே இருக்கு?"
"மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தாங்கும். நீ அழிச்சிரு. பனி எங்கயும் ஓடிராது, மறுபடி தோண்டிக்கிடலாம்."
அழித்தேன்.

11:05
கணினி எழுந்தது. வெளிக்கதவின் பொத்தானை அழுத்தினேன். "அறியப்படாத சாதனம்." கதவு மோட்டாரின் டிரைவரும் அந்த மூன்றாவது பார்ட்டிஷனில்தான் இருந்திருக்கிறது. என் கையால் அழித்தேன். பென்டிரைவில் மூன்று முறை தேடிவிட்டேன். இல்லை.

11:20
பூமியிடம் அந்த டிரைவரைக் கேட்டேன். பூமி: "ஃபைல் அனுப்பியாச்சு மேடம். லிங்க் ரொம்ப ஸ்லோ. ஒரு மணி நேரம் ஆகும்."
நான் அழித்ததை அண்ணனிடம் சொன்னேன்.
"சரி. பதறாத புள்ள. பதறுனா தப்பா அமுக்கிருவ."

12:02
61 விழுக்காடு. விண்ணுடை அணிந்து காத்திருக்கிறேன். டேப்லெட்டில் கையுறையோடு தட்டுகிறேன், பிழை பொறுக்க. அண்ணனின் வண்டி திரும்பி வந்து இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிறது, ஜன்னலில் தெரிகிறது. அண்ணனுக்குப் பேச்சு குழறுகிறது. தன் மகள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "சொல்லுங்கப்பா" என்றேன்.

12:26
டிரைவர் ஏறிவிட்டது. கதவு திறக்கிறது. திறக்கிறது! வானொலியில் அண்ணனைக் கூப்பிட்டேன். மூச்சு மட்டும் கேட்கிறது, விட்டு விட்டு. இரண்டு மணி என்றது பொய்.

12:29
திரையில்: "மாற்றங்கள் நடைமுறைக்கு வர, கணினி 10 நிமிடத்தில் மறுதொடங்கும்." ரத்து செய்யப் பொத்தானே இல்லை. கணினி நின்றால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். திரும்ப எழுமா, தெரியாது. அதுவரை காத்திருக்க அவரிடம் காற்று இல்லை.

12:31
8 நிமிடம். போக மூன்று. இழுத்துவர நான்கு, ஐந்து. இங்கே எடை ஆறில் ஒன்றுதானே. முடியும்.
இதைப் படிப்பவருக்கு: கதவு பூட்டியிருந்தால் உள்ளே தேட வேண்டாம். நாங்கள் அந்தப் பக்கம்தான் இரு