இரண்டு கதவு வண்டி

அஸ்தினாபுரம்
9-7-2006

மதிப்பிற்குரிய தோத்தாத்ரி சார் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் வாசலில் போட்டுவிட்டுப் போகும் பேட்டைப் பத்திரிகையில் நீங்கள் எழுதும் இந்தியக் கார்களின் கதையை விடாமல் படிக்கிறேன். சீமை மாரிஸ் இங்கே அம்பாசடர் ஆனதும், ஃபியட் பெயர் மாறிப் பத்மினி ஆனதும் என் கணவருக்குப் பிடித்த பேச்சு. தாம்பரத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். போன வருஷம் மௌத்தாகிவிட்டார்.

சென்ற வாரம் ஒரு தப்பு எழுதிவிட்டீர்கள். பெருங்களத்தூரில் செய்த சின்னக் காருக்கு முதலிலிருந்தே நாலு கதவு என்று. இல்லை சார், இரண்டே கதவுதான். முன்சீட்டைச் சாய்த்துத்தான் பின்னால் ஏற முடியும்.

1968இல் அந்தக் காரை வாங்கிய மூன்றாம் நாள், ஐப்பசி மழையில் அது செம்பாக்கம் ஏரிக்குள் இறங்கிவிட்டது. அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். நாலு வயது யாசீன் பின்னால். அவருக்கு நெற்றியில் அடிபட்டு மயக்கம். அவரை இழுத்துக்கொண்டு நான் கரையேறினேன். யாசீன் வரவில்லை. பின்னால் கதவு இல்லை.

உங்கள் கட்டுரையைப் படித்த என் மகள் சோயா, "பின்னாடி கதவு இருந்துச்சாம்மா? அப்புறம் ஏன்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த மீதிக் கேள்வி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
சபீஹா கலீல்

சிட்லபாக்கம்
14-7-2006

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஊரார் பிழையையெல்லாம் பிடித்தவன், சொந்தக் கட்டுரையில் கோட்டை விட்டேன்.

விசாரித்துவிட்டேன். நீங்கள் சொன்னதே சரி. ஆரம்பத்தில் இரண்டு கதவுதான். நாலு கதவு வந்தது அறுபத்தெட்டு வாக்கில். உங்கள் வண்டியும் அதே வருஷம் என்பதுதான் ஒரு சின்னச் சிக்கல். இங்கே ஏரிக்கரையில் நடக்க வரும் பென்ஷன்காரர்கள் வரிக்கு வரி சண்டைக்கு வருவார்கள். வண்டியின் படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். திருத்தத்தோடு அதையும் போட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. மனமில்லையென்றால் வேண்டாம், எனக்கு உங்கள் சொல்லே போதும்.

அன்புடன்,
தோத்தாத்ரி

அஸ்தினாபுரம்
20-7-2006

தோத்தாத்ரி சார் அவர்களுக்கு,

படம் ஒன்று இருக்கிறது. வண்டி வந்த அன்று யாசீனைப் பக்கத்தில் நிறுத்தி அவர் எடுத்தது. உயிரோடு இருந்தவரை பீரோவில் தன் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். எப்போது கேட்டாலும், "வேணாம் சபீ, உன்னால தாங்க முடியாது" என்பார். ஒட்டிய உறையை அப்படியே அனுப்புகிறேன். பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வண்டியை நான் திரும்பப் பார்க்கவில்லை. ஏரியிலிருந்து தூக்கியதும் எங்கோ தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நான் எந்தக் காரிலும் முன்னால் உட்கார்ந்ததில்லை. சோயா ஓட்டினாலும் பின்னால்தான். "நான் இன்னா உனக்கு டிரைவரா?" என்று கேலி செய்வாள். சில சமயம் பின்சீட்டில் ஈரத்துணி வாடை வரும். யாரோ தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விடுவது தெரியும். பயமாகவும் இருக்கும், இறங்கவும் மனசு வராது. இதை நான் சோயாவிடம் சொன்னதில்லை.

அன்று கரையில் கூடியவர்கள், "கொழந்தைய வுட்டுட்டு வந்துட்டியேம்மா" என்றார்கள். அப்போதுதான் கண்விழித்த அவர், "பின்னால கதவே இல்லீங்க" என்றார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

சபீஹா கலீல்

சிட்லபாக்கம்
6-8-2006

அன்புச் சகோதரிக்கு,

திருத்தம் இன்றைய இதழில் வந்துவிட்டது. கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். நறுக்கை இத்துடன் வைத்திருக்கிறேன், சோயாவிடம் காட்டுங்கள்.

படம் அச்சுக்குத் தேறவில்லை. ரொம்ப மங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. உறையில் போட்டு மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கிறேன். கலீல் பாய் வைத்திருந்தபடியே பிரிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்த வாரம் மாருதி. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறிய கதை. வேலை கிடக்கிறது, அவசரமாக முடிக்கிறேன்.

தோத்தாத்ரி

அஸ்தினாபுரம்
13-8-2006

தோத்தாத்ரி சார் அவர்களுக்கு,

நறுக்கைப் படித்துவிட்டு சோயா என் தோளில் கை வைத்து, "ஸாரிம்மா" என்றாள். நான் அதோடு விட்டிருக்கலாம்.

படம் மங்கிவிட்டது என்றீர்கள். பிள்ளையின் முகமும் போய்விட்டதோ என்று பதறிப்போய் உறையைப் பிரித்தேன். ஒன்றும் மங்கவில்லை சார். அவன் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். கையை நீட்டி ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். பின்கதவின் கைப்பிடி.

நான் இழுத்து வந்து பிழைக்க வைத்த மனுஷர், எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூட வாய் தவறவில்லை. முன்சீட்டைச் சாய்க்கப் போராடியது என் கைக்கே நினைவிருக்கிறது. அதுவும் அவர் சொல்லிச் சொல்லி வந்த நினைவாகத்தான் இருக்க வேண்டும். இப்போது நீங்களும் சொல்லிவிட்டீர்கள். இரக்கப்பட்டுச் செய்தீர்கள் என்று தெரியும், கோபமில்லை. ஆனால் இனி உங்கள் எழுத்தை என்னால் நம்பிப் படிக்க முடியாது. எங்கள் வாசலில் பத்திரிகை போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிலும் எழுத வேண்டாம்.

இன்று சோயாவிடம் சொல்லப் போகிறேன். அவள் என்னை வெறுத்தாலும் சரி. நான் திறந்து வெளியே வந்த கதவுக்கும் அவன் கதவுக்கும் ஒரு முழம் தூரம்கூட இருந்திருக்காது. அந்தக் கதவை நான் தொடவே இல்லை.

யாசீனின் அம்மா,
சபீஹா