கை போகும் கணம்

இன்று பிற்பகல் கோர்ட்டுக் கச்சேரியில், வக்கீல்கள் அமரும் அறையில், மூத்த வக்கீல் ஒருவர் தம் வெள்ளி மூக்குப்பொடிச் சிமிழைத் திறந்து என் பக்கமாக நகர்த்தினார். நெய் விட்டுப் பிசைந்த பொடியின் காரநெடி மூக்கில் ஏறியது. சிமிழின் அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. காகிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நெடி வந்தவுடன் நினைவுக்கு வந்தவர் நீர். நீர் மறைந்து மூன்று வருஷமாகிறது. உமக்கு மடல் எழுதுவதால் யாதொரு பயனும் விளையாது என்பதை அறிவேன். அறிந்தே எழுதுகிறேன்.

பொடி போடுவதை விட்டுவிடுவதென்று நான் தீர்மானித்தபோது, அந்தத் தீர்மானத்தை ஒரு பத்திரம் போலவே எழுதி, உம்முடைய சாட்சிக் கையெழுத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு எடுத்து வந்தேன். இரண்டே ஷரத்துகள். முதலாவது, ‘இன்று முதல் பொடியை விலைக்கு வாங்கி உபயோகிப்பதில்லை.’ இரண்டாவது, ‘கட்சிக்காரருக்காகக் கேட்ட கேள்வியைப் பயத்தின் காரணமாக வாபஸ் வாங்குவதில்லை.’ இரண்டாவதன் காரணம் உமக்குத் தெரியும். ஒரு குத்தகை வழக்கில், முன்சீப் புருவத்தை உயர்த்திய மாத்திரத்தில், நியாயமான கேள்வியொன்றை வாபஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கட்சிக்காரர் நிலத்தை இழந்தார்.

பத்தே நாளில் முதல் ஷரத்தை முறித்தேன். முறித்ததாக ஒப்புக்கொள்ளவுமில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் உம்மோடு நடந்து வருகையில், எதிரே வந்த தச்சநல்லூர் வியாபாரி ஒருவரிடம் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கினேன். நீர் நின்றுவிட்டீர்.

“என்னவே இது?”

“வெலைக்கு வாங்குறதில்லன்னுதான எழுதியிருக்கேன். இது அண்ணாச்சி சும்மா குடுத்ததுவே.”

வியாபாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீர் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். “ஒம்ம பத்திரத்த ஒடைக்க எதிர்க்கட்சி வக்கீலே வேண்டாம்வே. அந்த வேலையையும் நீரே பாத்துக்கிட்டீரு!”

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உமக்குத் தீர்மானங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அதற்கு நீர் சொன்ன பதிலை எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளை இனி அடிப்பதில்லை என்று ஜெபத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, எழுந்து போன அதே காலையில் ஒருவனை அடித்தீராம்.

“வாக்கு குடுத்தா மட்டும் பத்தாதுவே. குடுத்தவன் முழிச்சிருக்கணும். நமக்குப் பெரம்பு கையில வந்த பெறகுல்லா தெரியுது!” என்றீர். பிறகு உம்மையே கவனிக்கத் தொடங்கியதையும், பிரம்புக்குக் கை நீளும் முன்பாக வலது தோள்பட்டை இறுகுவதைக் கண்டுகொண்டதையும் சொன்னீர். இறுகுவது தெரிந்துவிட்டால், பெரும்பாலும் கை நீளுவதில்லை என்றீர். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நீர் விட்டுவிடவில்லை. நாலு மாதத்தில் ஒருமுறை தவறியதையும் மறைக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் உம்மை நம்பினேன்.

“தடுக்காதேயும். கை போவுதுன்னு மனசுக்குள்ள சொல்லும். அம்புட்டுதான்.”

“தடுக்காம எப்படிவே நிக்கும்?”

“எப்பம் போவுது, எதுக்குப் போவுதுன்னு தெரியாம எதத் தடுப்பீரு? பைய பாரும்.”

பார்த்தேன். தொடக்கத்தில் தும்மிய பிறகுதான் தெரிந்தது. பின்னர் சிட்டிகை விரலிடுக்கில் இருக்கையில் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து, கை பாதி வழியில் இருக்கையில். கடைசியாக ஒரு நாள், விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, கை மடியை விட்டு எழும் முன்னரே கண்டுகொண்டேன். வயிறு இறுகியிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. நீதிபதியின் மேடையிலிருந்து ஒரு முகச்சுளிப்பு வந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பொடியின்மேல் எனக்கிருந்தது ஆசையே அல்ல. மேலிடத்து முகம் கோணும் போதெல்லாம் என் கை போய் ஒளிந்துகொள்ளும் இடம், சட்டைப்பையில் நான் வைத்திருந்த பொடி மட்டை. இரண்டாகப் பிரித்து நான் எழுதிய ஷரத்துகள் உண்மையில் ஒன்றே. அதைச் சொன்னபோது நீர் சிரிக்கவில்லை. “இனிமேத்தான்வே ஒமக்குச் சோலி இருக்கு” என்று மட்டும் சொன்னீர்.

பொடி நின்றது. அந்த ஆடியில் வாந்திபேதி வந்து, இரண்டே நாளில் நீர் போய்விட்டீர். உம் வீட்டுக்கு வந்து உமது மேஜையருகே நின்றபோது என் கை எங்கும் போகவில்லை. போவதற்கு இடமில்லை.

இனி அந்தக் காகிதம். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கூலிக்காரர் ஏழு பேர், கால்வாய்க் கரையை வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கின்றனர். அவர்களுக்காக வக்காலத்து வாங்கியிருக்கிறேன். வெட்டியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்ல ஒரே ஒரு சாட்சி. அவரும் கூலிக்காரர். நேற்று அவர் கூண்டில் ஏறியபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. “இந்தக் கை எப்படி வீங்கியது?” என்று கேட்டேன். அவர் சுவரோரம் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். குறுக்கு விசாரணை முடிவதற்குள் பொழுதாகிவிட்டதால், வழக்கு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

போலீஸ் தரப்பு மூத்தவரிடம் கொடுத்தனுப்பிய காகிதம் அது: அந்தக் கேள்வி ஆதாரமற்றது என்றும், அதை வாபஸ் வாங்கி வருத்தம் தெரிவிக்கிறேன் என்றும் நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மறுத்தால், வக்கீல் தொழிலுக்கான என் சன்னதை ரத்து செய்யும்படி மேலிடத்துக்கு மனு போகுமாம். வாசகத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்; என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“ஏன்வே யோசிக்கீரு? ஒரு கையெழுத்து போட்டா கை தேஞ்சா போவும்?” என்றார் மூத்தவர். அவர் தீயவர் அல்லர். என் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை அவர் குரலில் இருந்தது.

“படிச்சிப் பாக்கேன் அண்ணாச்சி.”

“ரெண்டு வரிதான. அதுல படிக்க என்ன கெடக்கு?”

வயிறு இறுகியது. நாக்கு வறண்டது. பேனா என் விரல்களில் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. கை போகிறது என்று எனக்குள் சொன்னேன். உடனே முழுவதும் கண்ணில் பட்டது: என் கை, பேனாவின் முனை, என் பெயருக்காக விடப்பட்டிருந்த காலியிடம், கூண்டில் நின்ற அந்த மனிதரின் வீங்கிய மணிக்கட்டு.

அப்போதும் கை போய்க்கொண்டுதான் இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி.”

“சன்னது போயிட்டுன்னா என்ன செய்வீரு?”

“போற அன்னைக்குப் பாத்துக்கிடுதேன். நாளைக்கு அது எங்கிட்டதான் இருக்கு.”

அவர் சிமிழை மூடி எடுத்துக்கொண்டு வெளியேறினார். காகிதத்தை மேஜையிலேயே விட்டுப் போனார். நான் மனம் மாறுவேன் என்று நினைத்திருப்பார்.

உம்மோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தடுக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்றீர். பொடியளவில் அது சரியாக இருக்கலாம். இன்று நான் பார்த்தேன்; பார்த்தும் கை நிற்கவில்லை. ஆகவே தடுத்தேன், முழுப் பலத்தோடு. உமது முறையில் இது ஒரு குறை என்றால் இருக்கட்டும். அதற்காக உம்மிடமும் வருத்தம் தெரிவிக்க மாட்டேன். ஆனால் தடுக்க வேண்டிய கணம் எதுவென்று எனக்குக் காட்டியவர் நீர். அந்த ஒரு கணம் என் வசம் இருக்கிறது. சன்னதைப் பறிக்கிறவர்களுக்கும் அதைப் பறிக்க அதிகாரமில்லை.

நாளை பதினொரு மணிக்கு வழக்கை அழைப்பார்கள். அந்த மனிதர் கூண்டில் ஏறுவார். சுவரோரம் போலீஸ்காரர் நிற்பார். நான் எழுந்து, அந்தப் போலீஸ்காரரின் பார்வை சாட்சியின் மேல் விழாதபடி குறுக்கே நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்: “இந்தக் கை எப்படி வீங்கியது?”