பூட்டுப் பலகை

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று கோபிக்காதே, அது அப்பாவின் கட்டிலோரம் இருக்கிறது. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாயிற்று, வலது கை இன்னும் துவண்டே கிடக்கிறது. நீ சொன்னபடி ஊட்டிவிடுவதை நிறுத்திவிட்டேன். சாப்பாடு பாதி வாயில், பாதி மடியில். அவருக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு.

இதை நானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போடுவேன். தெருமுனையில் நூலகம் இருப்பது இருபத்தாறு வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது!

அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

நூலகமா? கலக்கு! முன்பு போனில் கேட்டாயே, நான் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலை என்றால் என்ன என்று. பொத்தான் போட, பல் தேய்க்க, அன்றாட வேலைக்குக் கையைத் திரும்பப் பழக்குவதுதான். நோயாளியிடம் முதலில் கேட்பேன்: "நீங்களே எதைச் செய்ய ஆசைப்படறீங்க?" ஆசையிலிருந்து தொடங்கினால்தான் கை அசையும். அப்பாவிடமும் கேள்.

உன் செல்லம்

மார்ச் 27

கண்ணு,

கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வாசக் கதவைப் பூட்டணும்" என்றார். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். சிகிச்சைதானே என்று எழுதிவிட்டேன்.

அம்மா

ஏப்ரல் 8

அம்மா,

இதற்குப் போய்த் தயக்கமா? அருமையான ஆசை! ஒரு பலகை செய்து அனுப்பியிருக்கிறேன். தாழ்ப்பாள், கொண்டி, சின்னப் பூட்டு, கடைசியில் பெரிய பூட்டு. அந்தப் பெரியதன் சாவியை மட்டும் நீ வைத்துக்கொள். மற்றவை பழகியபின் கொடு. தடுமாறினால் உதவாதே.

உன் செல்லம்

மே 10

கண்ணு,

அவருக்குத் தாழ்ப்பாள் போட வந்துவிட்டது. கொண்டியும் வந்துவிட்டது. தடியூன்றி வாசல்வரை நடக்கிறார், தபால்காரரோடு அரட்டைகூட அடிக்கிறார். நேற்று சின்னப் பூட்டைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருபத்தாறு வருஷமா பூட்டின கை. மறக்குமா?" என்றார்.

இனியும் மறைக்க முடியாது. வேலைக்குப் போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். நீ ஆறு வயதிலேயே விடுதிக்குப் போனவள். விடுமுறைக்கு நீ வந்தால் அவரும் லீவு போட்டுவிடுவார். உனக்கு எப்படித் தெரியும்?

பெரிய பூட்டுதான் பாக்கி. தினமும் சாவியைக் கேட்கிறார். பயமாக இருக்கிறது. கொடுக்கவா?

அம்மா

மே 15

அம்மா,

கொடுக்காதே! பலகையோடு குப்பையில் போடு. என் கையாலேயே உனக்குப் பூட்டு அனுப்பினேனே! வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போவதுபோல் கிளம்பு. பை எதுவும் வேண்டாம். பதினோரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். என்னோடு வந்துவிடு.

உன் மகள்

மே 19

மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். பழகப் பழகச் சரியாகிவிடும்.

உன் கடிதத்தைத் தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார். உறையை இரண்டு கையாலும் பிரித்தேன். வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்தில் வீணாகக் காத்திருக்காதே. நூலகப் புத்தகத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா நலம். உள்ளே இருக்கிறாள். இனிக் கடிதத்தை என் பெயருக்கே எழுது.

நல்ல பலகை. பெரிய பூட்டின் சாவியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பெரிய பூட்டை இன்று காலை வாசல் கதவிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரே தடவையில் விழுந்தது.

அப்பா